ரோசாப்பூத் துரை

நம் தோட்டங்களிலே ‘துரை’ என்னும் சொல்லுக்குள்ள கனம் நகரத்து வாசகர்க்கு எளிதில் விளங்காது. இரத்தினபுரிப் பக்கத்துப் பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளை முதலிய இடங்களிலும், கேகாலைப் பக்கத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களிலும் தேயிலையோடும் இறப்பரோடும் வாழ்நாளைக் கழித்த எம்மவர்க்குத் துரை என்பவர் பங்களாவில் இருப்பவர். பெரட்டுக்களத்தில் அவர் தலை தெரிந்தால் பேச்சு அடங்கும்; தோளிலுள்ள துண்டு கைக்கு இறங்கும். வெள்ளைக்காரர் கப்பலேறிய பின்னர் நம் நாட்டவரே அந்த நாற்காலியில் அமர்ந்தனர். ஆனால் சொல் மாறவில்லை. சொல்லோடு ஒட்டிய அச்சமும் நெடுநாள் மாறவில்லை.

அச்சத்திற்குரிய அதே சொல்லை அன்பின் மிகுதியால் ஒருவருக்குச் சூட்டி, அதன் முன்னே ஒரு மலரையும் வைத்துப் போற்றினர் மதுரைச் சீமையின் மக்கள். அவர் வெள்ளையருமல்லர், தோட்ட முதலாளியுமல்லர், தமிழருங்கூட அல்லர். திருவிதாங்கூரிலே பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். பாரிஸ்டர் பட்டம் பெற்ற நியாயவாதி. ஜோர்ஜ் ஜோசப் என்பது அவருடைய பெயர். உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களுக்கு அவர் ‘ரோசாப்பூத் துரை’. ஜோசப் என்னும் பெயர் அம்மக்கள் நாவில் ரோசாப்பூ ஆயிற்று என்பர் சிலர். அவர் சட்டையில் ரோசா மலர் அணிந்தமையால் வந்த பெயர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஒரு தலைமுறை தன் ஆண் மக்களுக்கு ரோசாப்பூ என்று பெயரிட்டு வளர்த்தது. மன்னர்க்கும் எளிதிற் கிட்டாத பேறு இது.

அன்னாரின் வரலாற்றை இம்மாகாணத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களிற் கணிசமானவை மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளின் வானம் பார்த்த பூமியை விட்டு வந்தவை. மற்றொரு காரணமும் உண்டு. ஒரு மக்கட் கூட்டத்தைச் சட்டமே குற்றவாளியென்று முத்திரையிட்ட பின்பு அக்கூட்டத்தைச் சீர்திருத்துவது எவ்வாறு என்னும் வினா இன்றும் உலகின் பல நாடுகளில் விடையின்றி நிற்கின்றது. ஜோசப்பின் வாழ்வு அவ்வினாவுக்கு ஒரு பகுதி விடையைத் தருகின்றது என்பது என் துணிபு.

இளமையும் கல்வியும்

1887ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள், செங்கன்னூரிலே வசதி படைத்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றின் மூத்த மைந்தராகப் பிறந்தார் ஜோசப். அவருடைய தம்பியருள் ஒருவரான போத்தன் ஜோசப் பிற்காலத்திலே இந்தியாவின் பெயர்பெற்ற பத்திரிகாசிரியருள் ஒருவரானார். மூத்தவர் சென்னையிற் படித்து, கடல் கடந்து சென்று எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே தத்துவத்தில் முதுகலைப் பட்டமும், இலண்டனில் மிடில் டெம்பிள் சபையிலே சட்டக் கல்வியும் பெற்றார். 1909ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தாய்நாடு மீண்டார். சென்னையிலே சிலகாலம் தொழில் பார்த்த பின்னர், மதுரையைத் தமக்குரிய ஊராக வரித்துக்கொண்டார். மனைவியார் சூசன்னாவும் அவரும் அங்கு அமைத்த இல்லம் வழக்குடையோர்க்கும் அரசியலார்க்கும் எந்நேரமும் திறந்திருந்தது.

ஆங்கில உடையும் ஆங்கில நாவன்மையும் உடைய இளம் பாரிஸ்டர் ஒருவர் மதுரையிலே பெரும்பொருள் ஈட்டுவது அக்காலத்தில் அரிதன்று. ஜமீன்தார் வழக்குகளும் கோயிற் சொத்து வழக்குகளும் நிறைந்த ஊர் அது. ஆயின் ஜோசப்பின் வாசற்படியில் வேறொரு கூட்டமும் வந்து நின்றது. சட்டைக்கு வழியற்றவர், கையிற் பணமற்றவர், செய்த குற்றம் யாது என்று வினவினால் விடை சொல்லத் தெரியாதவர். தெரியாதவர் என்றா சொன்னேன்? அவர்கள் மீது குற்றம் எதுவுமே சாட்டப்பட்டிருக்கவில்லை. அதுவே அவர்கள் வழக்கின் விந்தை.

கைரேகைச் சட்டம்

கொழும்பு-கண்டி வீதியிலே மாவனல்லையைக் கடப்போர் உத்துவன்கந்தை மலையைக் காணாதிரார். அம்மலையில் ஒளிந்திருந்து வழிப்பறி செய்த சரதியல் என்பான் பிடிபட்டு, விசாரிக்கப்பட்டு, 1864ஆம் ஆண்டு கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். அவனுடைய கதை கேகாலைச் சிறுவர் யாவரும் அறிந்தது. அவனுடன் மம்மலே மரிக்கார் என்னும் தோழனும் உயிரிழந்தான். தண்டனை கடியது, ஆயினும் அது அவ்விருவரோடு முடிந்தது. சரதியல் கள்வன் என்பதற்காக உத்துவன்கந்தையில் அன்று பிறந்த பிள்ளையைக் கள்வனென்று எவரும் பதிவேட்டில் எழுதவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் அந்த எல்லை மீறப்பட்டது. 1871ஆம் ஆண்டு வட இந்தியாவிலே குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. தச்சன் மகன் தச்சனாவது போலக் கள்வன் மகன் கள்வனாவான் என்னும் எண்ணமே அதன் அடிப்படை. 1911ஆம் ஆண்டின் திருத்திய சட்டம் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் கொணர்ந்தது. ஒரு சாதியையோ குலத்தையோ குற்றப் பரம்பரையென்று அரசு அறிவித்துவிட்டால் அக்கூட்டத்து ஆடவர் தம் பத்து விரல்களின் ரேகையையும் பதிவுசெய்தல் வேண்டும். இரவிலே பொலிஸ் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ சென்று படுத்தல் வேண்டும். அயலூர் செல்வதற்கு இராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். தவறினால் சிறை. திருடினான் என்பதற்காக அன்று. தன் வீட்டிலே உறங்கினான் என்பதற்காக.

இவ்வளவினும் கொடியது ஒன்றுண்டு. இன்ன கூட்டம் குற்றப் பரம்பரை என்னும் அரசின் அறிவிப்பை எந்த நீதிமன்றமும் வினவக்கூடாது என்று அச்சட்டமே விதித்திருந்தது. குற்றவாளிக்குத் திறந்திருக்கும் கதவு, குற்றமற்றவனுக்கு மூடப்பட்டது.

பிரமலைக் கள்ளர் இச்சட்டத்துக்கு எவ்வாறு ஆளாயினர்? அவர்களுடைய பழைய தொழில் காவல். ஊரையும் கால்நடையையும் களத்து நெல்லையும் காத்து, அதற்குக் கூலி பெறுவது நெடுநாள் வழக்கம். பொருள் களவுபோனால் மீட்டுத்தருவதும், இயலாவிடில் ஈடு செய்வதும் காவற்காரன் கடன். ஆங்கில அரசு தன் பொலிஸ் படையை நிறுவியபோது, அதற்கு முன்பே ஊர்தோறும் இருந்த இக்காவல் அதற்குப் போட்டியாயிற்று. காவற்கூலியை மிரட்டிப் பெறும் கப்பமென்று அதிகாரிகள் கண்டனர். அவ்வாறு நடந்த இடங்களும் இல்லாமலில்லை. காவல் போயிற்று, மாற்றாக உழுவதற்கு நீர் இல்லை. 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணையின் நீர் மேற்குமலையைக் குடைந்து வந்து மதுரைக்கும் மேலூருக்கும் பாய்ந்தபோது உசிலம்பட்டியின் மேட்டு நிலம் வறண்டே கிடந்தது. வறுமையும் வேலையின்மையும் சிலரைக் களவிற் செலுத்தின. சிலரின் களவு அனைவரின் பெயராயிற்று. 1914இல் கீழக்குயில்குடியாரும் 1918இல் பிரமலைக் கள்ளர் அனைவரும் சட்டத்தின் வலைக்குள் வந்தனர். சாதியின் பெயரே சான்றாகக் கொள்ளப்பட்ட கொடுமை வேறு எங்கேனும் உண்டா?

இரு கரையும் கண்ட ஒரு குடும்பம்

ரோசாப்பூத் துரையின் பெயரை நான் முதன்முதல் நூலிற் படிக்கவில்லை. என் பாட்டனார் வாயிலாகக் கேட்டேன். அவர் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரிற் பிறந்தவர். அந்தி மயங்கியதும் தம் தந்தையார் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவடிக்குப் புறப்படுவதைச் சிறு வயதிற் கண்டவர். வீட்டிலே பிள்ளை பிறந்தாலும் பெற்றவள் நோயுற்றாலும் பாய் சாவடிக்குப் போய்விடும். பெயர் கூப்பிடும்போது குரல் கொடாதவனுக்கு மறுநாள் வழக்கு.

1920களின் நடுவிலே கங்காணி ஒருவருடன் மண்டபம் முகாம் வழியாக அவர் இக்கரை வந்து, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பெயர் பதிந்தார். முதல் நாட் காலை பெரட்டுக்களத்திலே பெயர் கூப்பிட்டபோது, இங்கும் அதே பாட்டுத்தானா என்று அவர் மனம் திடுக்கிட்டதாம். கூப்பிட்டது இரவிலன்று, காலையிலே. படுப்பதற்கன்று, பால்வெட்டுவதற்கு என்று தெரிந்து ஆறுதல் கொண்டாராம். ஆனால் சம்பள நாளிலே கட்டைவிரலில் மை தோய்த்து நீட்டச் சொன்னபோது அவர் உடன்படவில்லை. லயத்துச் சுவரிலே அடுப்புக்கரியால் தம் பெயரின் நான்கு எழுத்தையும் எழுதி எழுதிப் பழகி, இரண்டாம் மாதம் கையொப்பமிட்டே கூலி பெற்றார். கங்காணி சிரித்தார், பாட்டனார் சிரிக்கவில்லை. தம் தந்தையின் பத்து விரலும் எங்கோ ஒரு பேரேட்டிலே கிடக்கின்றன என்பதை அவரன்றோ அறிவார்! எங்கள் குடும்பத்திலே கல்வி புகுந்த கதை அதுவே.

இக்கரையிலும் சட்டம் கூலியாளைச் சும்மா விடவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியை மூன்று மாதம் வரை மறியலில் இடலாம். துண்டு என்னும் கடன் சீட்டு ஒருவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. மறியல் தண்டனையும் அதனையொட்டி நீங்கியது. அங்கே உறங்கும் இடம் குற்றம். இங்கே நடக்கும் திசை குற்றம். பெயர் வேறாயினும் இரண்டு சட்டங்களும் ஒரே கொல்லுலையில் அடித்த விலங்குகள்.

பெருங்காமநல்லூர்

1920ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரிலே பதிவு செய்வதற்கு அதிகாரிகள் பொலிஸ் படையுடன் வந்தனர். ஊரார் ரேகை வைக்க மறுத்தனர். துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்ட 16 பேர் உயிர் துறந்தனர் என்பது ஊர் போற்றும் கணக்கு. அடிபட்டுக் கிடந்தோர்க்குத் தண்ணீர் கொடுக்க ஓடியவள் மாயக்காள் என்பர். எஞ்சியோரிற் பலரை விலங்கிட்டு, திருமங்கலம் வரை நடத்திச் சென்றனர். செத்தவனுக்கு வழக்கில்லை, பிழைத்தவன் மீது வழக்கு.

அவ்வழக்கிலே அம்மக்களுக்காக எழுந்து நின்றவர் ஜோசப். அவர்களிடம் அவர் பெறக்கூடிய பொருள் யாதுமில்லை. அரசின் அறிவிப்பை நீதிமன்றம் வினவலாகாது என்ற தடையையும் அவர் நன்கறிந்தவர். ஆகவே அவர் இரு வழிகளை மேற்கொண்டார். ஒன்று, மன்றத்திலே தனித்தனி மனிதனுக்காக வாதாடுவது. இம்மனிதன் இந்நாளில் இச்செயலைச் செய்தான் என்பதற்குச் சான்று யாது என்னும் பழைய வினாவை மீண்டும் மீண்டும் எழுப்புவது. மற்றொன்று, மன்றத்துக்கு வெளியே பத்திரிகை வாயிலாகச் சட்டத்தையே குற்றக் கூண்டில் நிறுத்துவது. மூடிய கதவின் முன் நின்று தட்டிக்கொண்டே இருப்பதும் ஒரு வீரமேயாகும்.

இவ்விரண்டிலும் முதலாவதே அம்மக்கள் நெஞ்சைத் தொட்டது என்று எண்ணுகின்றேன். பேரேட்டிலே எண்ணாகவும் ரேகையாகவும் இருந்தவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவனுக்கென ஒரு நியாயம் உண்டென்று நீதிபதியின் முன் ஒருவர் பேசுகின்றார். கோட்டு அணிந்த துரை பேசுகின்றார். தண்டனையே கிடைத்தாலும் அவன் அன்று மனிதனாகவே சிறைக்குச் சென்றான்.

சீரமைப்பின் இரு முகங்கள்

அரசும் வாளாவிருக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டின் காலத்தையொட்டிக் கள்ளர் சீரமைப்புத் திட்டம் உருப்பெற்றது. பள்ளிகள் திறக்கப்பட்டன, மாணவர் விடுதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அமைந்தன. ஊர்தோறும் பஞ்சாயத்துகள் ஏற்பட்டு, தத்தம் ஊராரின் நடத்தைக்குப் பொறுப்பேற்றன. பொறுப்பேற்ற ஊரார்க்கு இரவுப் பதிவின் கடுமை தளர்ந்தது. மாகாணத்தின் வேறு பகுதிகளில் மற்றொரு முறை நடந்தது. இன்றைய ஆந்திரத்திலுள்ள ஸ்டூவர்ட்புரத்திலே இரட்சணிய சேனையார் எருகலர் குடும்பங்களைக் குடியேற்றி, நெசவும் உழவும் சமயமும் கற்பித்தனர். உப்பும் தானியமும் மாடுகளில் ஏற்றி ஊர் ஊராக விற்று வாழ்ந்தவர் எருகலரும் குறவரும். இருப்புப்பாதையும் அரசின் உப்புக் கொள்கையும் அவ்வாணிகத்தை அழித்த பின்னரே அவர்கள் குற்றப் பரம்பரையினர் ஆயினர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்திட்டங்களை ஒரேயடியாகப் பழிப்பது நேர்மையாகாது. கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்னும் பெயர் தாங்கிய பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 200க்கு மேல் நெடுங்காலம் இயங்கி வந்துள்ளன. அவற்றிலே படித்து ஆசிரியராகவும் மருத்துவராகவும் அதிகாரியாகவும் உயர்ந்தோர் எண்ணற்றோர். தீய சட்டத்தின் பக்கத்திலே முளைத்த நல்ல மரம் அது. ஆயினும் அதன் வேரிலே ஒரு குறை இருந்தது. பள்ளிக்கு வந்த பிள்ளை, திருந்த வேண்டியவனாகவே உள்ளே நுழைந்தான். அவன் என்ன பிழை செய்தான் என்று எவரும் கூறவில்லை. பகலிலே அவன் கையில் எழுதுகோலைக் கொடுத்த அரசு, இரவிலே அவன் தந்தையின் கையை மையில் அழுத்தியது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்தது.

நோயாளியல்லாதவனுக்கு மருந்து கொடுப்பது போன்றது இது. மருந்து நல்ல மருந்தாகவே இருக்கலாம். ஆனால் மருந்தை ஏற்கும்போதே தான் நோயாளி என்று அவன் ஒப்புக்கொள்கின்றான். ஜோசப் நடத்திய வழக்கு இந்த ஒப்புதலுக்கு எதிரான வழக்கு. முதலில் முத்திரையை அழியுங்கள். அதன்பின் பள்ளியைத் திறவுங்கள் என்பதே அவருடைய உழைப்பின் சாரமாக நான் காண்பது.

நாட்டுத் தொண்டும் சிறையும்

அன்னாரின் வாழ்வு இவ்வொரு பணியோடு அடங்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்திலே ஈடுபட்டு, சையத் உசேன், பி. வி. நரசிம்மன் ஆகியோருடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, ஜிப்ரால்டரிலேயே தடுத்து மூவரையும் திருப்பியனுப்பியது ஆங்கில அரசு. 1918இல் மதுரை ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைத்து, கூலி உயர்வும் வேலைநேரக் குறைவும் கிடைக்கப் பாடுபட்டார். அதே ஆண்டு வரதராஜுலு நாயுடுவின் மீது இராசத் துரோக வழக்கு நடந்தபோது இராஜாஜிக்குத் துணைநின்று வாதாடினார். 1919இல் ரௌலட் சட்ட எதிர்ப்பை மதுரையிலே தலைமைதாங்கி நடத்தினார்.

பின்னர் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. நிறைந்த வருவாயுள்ள தொழிலைக் கைவிட்டு, மோதிலால் நேருவின் ‘இண்டிபெண்டன்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியராக அலகாபாத் சென்றார். 1921ஆம் ஆண்டின் இறுதியிலே கைதாகி, இலட்சுமணபுரிச் சிறையிலே ஜவாஹர்லால் நேரு, மகாதேவ தேசாய் முதலியோருடன் இருந்தார். சிறையிருந்தோர்க்கு வாதாடியவர் சிறையையும் உள்ளிருந்து கண்டார். விடுதலை பெற்றபின் 1923இல் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’ பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு இவரிடம் வந்தது.

1924ஆம் ஆண்டின் வைக்கம் அறப்போர் அவர் வாழ்விலே ஒரு கசப்பான படி. கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலே தீண்டாதார் எனப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக எழுந்த போர் அது. ஜோசப் முன்னணியில் நின்றார், கைதானார். தலைவர்கள் சிறைப்பட்ட வேளையில் ஈ. வெ. இராமசாமிப் பெரியாரை அழைத்தோருள் அவரும் ஒருவர். ஆனால் இது இந்துக்கள் தம் பாவத்தைத் தாமே கழுவ வேண்டிய போர், பிற சமயத்தார் விலகிநிற்றலே நன்று என்று காந்தியடிகள் கருதினார். கிறிஸ்தவரான ஜோசப்பை அது ஒதுக்கிவைத்தது. கள்ளருக்காக வாதாடியபோது நீ எந்தச் சாதி என்று அவர்கள் அவரைக் கேட்கவில்லை. வைக்கத்திலே அவர் எந்தச் சமயம் என்பது குறுக்கே நின்றது.

அதன்பின் மதுரைக்கு மீண்டு வழக்குத் தொழிலைத் தொடர்ந்தார். காங்கிரசோடு ஒட்டியும் விலகியும் சென்ற ஆண்டுகள் அவை. 1930களின் நடுவிலே நீதிக்கட்சியின் பக்கம் சிறிது காலம் சாய்ந்தார். மீண்டும் காங்கிரசில் இணைந்து, 1937இல் மத்திய சட்டசபைக்குத் தெரிவுசெய்யப்பட்டார். கட்சிக் கண்ணாடியாற் பார்ப்போர்க்கு அவருடைய போக்கு நிலையற்றதாகத் தோன்றலாம். அவரை நம்பி வந்த எளிய மக்கள் விடயத்திலே அவர் நிலை ஒருபோதும் மாறவில்லை. சட்டசபையிலே அவருக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. சிறுநீரக நோய் முற்றி, 1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் நாள் மதுரை அமெரிக்க மிஷன் மருத்துவமனையிலே காலமானார். ஐம்பத்தொரு வயதும் நிறையவில்லை.

சட்டம் போன பின்பு

தாம் எதிர்த்த சட்டம் ஒழிந்ததை ஜோசப் கண்ணாற் காணவில்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் அப்போராட்டத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றனர். 1947இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. அனந்தசயனம் ஐயங்கார் குழுவின் ஆய்வுக்குப் பின், 1952இல் இந்தியா முழுவதிலும் அது நீங்கியது. குற்றப் பரம்பரையினர் சீர்மரபினர் எனப் பெயர் பெற்றனர். ஆயினும் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்னும் புதுப்பெயரிலே பழைய ஐயப்பாடு பல மாகாணங்களில் தங்கிவிட்டது. ஏட்டிலிருந்து அழித்த எழுத்தை மனத்திலிருந்து அழிப்பதற்கு நாள் செல்லும். களவு நடந்த இரவிலே எந்தக் குடிசைக் கதவு முதலில் தட்டப்படுகின்றது என்பதைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

பிற நாடுகளின் நிலையையும் நோக்குவோம். ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் அந்நாட்டு மக்களிலே நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. சிறைகளிலோ ஏறத்தாழ மூவருக்கு ஒருவர். 1987 முதல் 1991 வரை அமர்ந்த அரச ஆணைக்குழு காவலில் நிகழ்ந்த 99 சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. காவலிலுள்ள ஆதிக்குடியினர் பிறரைவிட மிகுதியாக இறக்கவில்லை. பிறரைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் காவலில் அடைக்கப்படுகின்றனர், நோயின் மூலம் அதுவே என்று அது கண்டது. அதற்குப் பின்னர் அங்கே புதுமுறை மன்றங்கள் எழுந்தன. விக்டோரியாவிலே 2002இல் தொடங்கிய கூரி மன்றத்தில், நீதவானுடன் ஒரே மேசையைச் சுற்றிக் குலப் பெரியோரும் அமர்கின்றனர். குற்றத்தை ஒப்புக்கொண்டவனிடம் அவன் பாட்டனார் பேசுவது போலப் பேசுகின்றனர். கனடாவிலே ஆதிக்குடிப் பெண்களுக்கென 1995இல் திறந்த ஒகிமா ஓச்சி இல்லம் சிறைக்கு மாற்றாகத் தம் மரபுச் சடங்குகளோடு வாழ்ந்து தேறும் இடமாக அமைந்தது. ஆதிக்குடியினருக்குத் தண்டனை விதிக்குமுன் அவர்தம் வரலாற்றையும் கருதுதல் வேண்டும் என்று 1999இல் அந்நாட்டு உச்ச மன்றம் தீர்த்தது.

உசிலம்பட்டியின் பஞ்சாயத்துக்கும் கூரி மன்றத்துக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். இரண்டிலும் ஊர்ப் பெரியோர் உண்டு. முன்னதிலே அவர்கள் தம்மவரைக் காட்டிக்கொடுக்கும் பிணையாளர். பின்னதிலே தம்மவரைத் தம்மிடம் மீட்கும் உரிமையாளர். முன்னதிலே கூட்டம் முழுவதும் குற்றவாளி; பின்னதிலே குற்றவாளி ஒருவன், கூட்டமோ அவனுக்கு மருந்து. இம்மன்றங்களால் மட்டும் சிறைகள் வெறுமையாகிவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் திசை நேரானது.

நம் நாட்டிலும் இதற்கொரு பாடம் உண்டு. சப்ரகமுவ என்னும் பெயரே காட்டு வேடராகிய சபரரின் ஊர் என்னும் பொருளில் வந்ததென அறிஞர் கூறுவர். அச்சபரர் இன்று இங்கில்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. எஞ்சிய வேடுவர் வாழும் தம்பானைப் பகுதியிலே, 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசிய வனமாக்கப்பட்டபோது, முன்னோர் வழியாக வேட்டையாடிய காட்டிலேயே வேட்டை குற்றமாயிற்று. வில்லோடு உறங்கியவன் விடிந்தபோது குற்றவாளியாக எழுந்தான். அவனைத் திருத்துவதற்குத் திட்டம் வகுக்குமுன், திருந்த வேண்டியது யார் என்று ஒருகணம் எண்ணுதல் நன்று.

மதுரை யானைக்கல் பகுதியிலே ஜோர்ஜ் ஜோசப்பின் சிலை நிற்கின்றது. அவருடைய வரலாற்றை அவர் பேரரும் கணித வரலாற்றறிஞருமான ஜோர்ஜ் கெவர்கீஸ் ஜோசப் ஆங்கிலத்தில் நூலாக எழுதியுள்ளார். நம் பாடசாலைகளிலே விடுதலை வீரர் பலரின் கதையைக் கற்பிக்கின்றோம். இவரையும் அவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும். வாள் எடுத்தவரும் சிறை சென்றவரும் பலர். சட்டம் கைவிட்ட மனிதனுக்குச் சட்டப் புத்தகத்தையே கையிலேந்தி அருகில் நின்றவர் சிலர். தோட்டத்துப் பிள்ளைகள் துரை என்னும் சொல்லை இனிக் கேட்கும்போது, பங்களாவின் படிக்கட்டோடு, எளியோர்க்காக எழுந்து நின்ற அந்த மனிதரும் நினைவுக்கு வருவாராக.